அடைவுத் தேர்வுக்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது? நெல்லைப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று ஒரு செய்தி வரும். 3, 5, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடைவுத் தேர்வு நடக்கப்போகிறது, யாரும் விடுப்பு எடுக்க வேண்டாம் என்று இரண்டே வரிதான் இருக்கும். அன்று சாயங்காலமே வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பெரிய தேர்வு? மார்க் குறைந்தால் அதே வகுப்பில் போட்டுவிடுவார்களா? கைடு எங்கே கிடைக்கும்? டியூஷன் அக்காவிடம் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வைக்கலாமா? மேலப்பாளையமானாலும் முக்கூடலானாலும் வள்ளியூரானாலும் பெற்றோர் கேட்பது இதைத்தான். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. இது என்ன தேர்வு, எதற்கு நடக்கிறது என்று யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பயம் அப்போதே போயிருக்கும்.

சரி, முதலில் எது எந்தத் தேர்வு என்று பிரித்துக்கொள்வோம். பிள்ளைகள் மூன்று வகைத் தேர்வுகளைப் பார்க்கிறார்கள். மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, பள்ளி தானே நடத்தும் பருவத் தேர்வு. 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிகிறது. அந்த 40 வகுப்பில் அன்றாடம் செய்யும் வேலைகளுக்கானது. 60 பருவக் கடைசியில் எழுதுவதற்கு. இது எல்லோருக்கும் பழகியதுதான், இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் அடைவுத் தேர்வு. தேசிய அடைவு ஆய்வு என்ற பெயரில் 2017 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் நாடு முழுவதும் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று ‘பரக்’ ஆய்வு என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. தமிழக அரசு தன் பங்குக்கு, ஸ்லாஸ் என்று ஆசிரியர்கள் சுருக்கிச் சொல்லும் மாநில அளவிலான அடைவுத் தேர்வை 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடத்தியது. இவை ஆய்வுகள், பிள்ளைக்கு ரேங்க் போடும் தேர்வுகள் அல்ல. தேசிய ஆய்வில் எல்லாப் பள்ளிகளும்கூட வராது. சில பள்ளிகளையும் அவற்றில் சில பிள்ளைகளையும் மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு மாவட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் எந்த அளவுக்கு வந்திருக்கிறது, படித்துப் புரிந்துகொள்வது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. சொல்லப்போனால் அங்கே தேர்வு எழுதுவது பாடம் நடத்தும் முறைதான், பிள்ளை இல்லை.

மூன்றாவது, பிள்ளைக்கு நேராகப் பலன் தரும் போட்டித் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு அந்த வகை. அதைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

“அதே வகுப்பில் போட்டுவிடுவார்களா” என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். 2019 செப்டம்பரில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு உண்டு என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த முடிவை அரசு கைவிட்டது. அந்தச் சில மாதங்களில் ஊர் ஊராகப் பரவிய கலக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளுக்குக் கட்டாயத் தேர்ச்சியை நீக்கியதும் பழைய பயம் மறுபடியும் தலைதூக்கியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அடைவுத் தேர்வால் உங்கள் பிள்ளை ஒரு வகுப்பும் பின்தங்கப் போவதில்லை.

அப்படியானால் எதற்குத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஒன்பது வயதில் ஒரு கேள்வியைத் தானே வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்து, யோசித்துப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அப்புறம் வரும் எல்லா வகுப்புகளும் சுமையாகிவிடும். அடைவுத் தேர்வு சோதிப்பது இந்த ஒன்றைத்தான். அதற்குத் தயார் செய்வதும் பிள்ளையின் படிப்புக்கு அடிப்படை போடுவதும் ஒரே வேலை. அது கைடு புத்தகத்தால் ஆகாது, வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் செலவழித்தால் ஆகும்.

இந்தத் தேர்வுகளில் பெரும்பாலும் கொள்குறி வினாக்கள்தான். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ‘சரியானதை டிக் அடிக்க வேண்டியதுதானே, சுலபம்’ என்று நினைக்கிறோம். அந்த நான்கு விடைகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டோம். நம்மூர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி. இன்றைக்கு 98 அடி தண்ணீர் இருக்கிறது. அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும்? விடைகள்: 241, 155, 55, 45.

சரியான விடை 45. மற்ற மூன்றும் சும்மா எழுதிப்போட்ட எண்கள் இல்லை. 241 போட்ட பிள்ளை கேள்வியை வாசிக்கவில்லை; இரண்டு எண்ணைப் பார்த்ததும் கூட்டிவிட்டது. 155 போட்ட பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியவில்லை. மூன்றிலிருந்து எட்டு போகாது என்றதும் எட்டிலிருந்து மூன்றைக் கழித்தது, நாலிலிருந்து ஒன்பது போகாது என்றதும் ஒன்பதிலிருந்து நாலைக் கழித்தது. 55 போட்ட பிள்ளை அதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்கத்தான் மறந்துவிட்டது. மூன்று பேருக்கும் அந்தக் கேள்விக்குக் கிடைப்பது பூஜ்யம்தான். ஆனால் மூன்று பேருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. முதல் பிள்ளைக்கு வாசிப்பு வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குக் குச்சிகளையோ புளியங்கொட்டையையோ பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துக் கழித்தலை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு இரண்டு நாள் பழக்கம் போதும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டிய பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை தப்பாகப் போட்டதும் அந்த விடையைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதச் சொல்கிறோம். அதற்குப் பதிலாக, “இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லிக்கொண்டு வரும்போதே எந்த இடத்தில் வழுக்கியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், பல நேரம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொரு கேள்வியும் பழக்குங்கள்: இந்த விடை நடக்கிற காரியமா? மொத்த அணையே 143 அடி. நிரம்ப இன்னும் 155 அடி வேண்டும் என்றால் எங்கேயோ தப்பு. விடையை எழுதிய பிறகு ஒரு நொடி நின்று இதை நினைத்துப் பார்க்கும் பழக்கம், நூறு கணக்குப் போட்டுப் பழகுவதை விடப் பெரியது.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டியதே இல்லை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். மழைக்காலத்தில் தினமும் நாளிதழில் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் வரும். அந்தப் பகுதியைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் எத்தனை அடி ஏறியிருக்கிறது, எந்த அணை நிரம்ப இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று கேளுங்கள். அட்டவணையைப் பார்த்து விடை சொல்லும் கேள்விகள் அடைவுத் தேர்வில் வருகின்றன. அந்தத் திறன் இப்படித்தான் வளரும். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழை போட்டிருக்கும் வீடுகளில் தார், சீப்பு, காய் என்று பெருக்கலும் வகுத்தலும் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கிறது. புதிய பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், 4:40க்குக் கிளம்பும் பஸ் ஒன்றே கால் மணி நேரத்தில் ஊருக்குப் போனால் அப்போது மணி என்ன ஆகும் என்று கேட்கலாம்.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரங்களில் எத்தனையோ அம்மாக்கள் தட்டு மடியில் இருக்கும்போதுதான் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கிறார்கள். கையும் கண்ணும் இலையிலும் நூலிலும் இருந்தாலும் காது சும்மாதான் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொன்னால் போதும். எங்கே தடுமாறுகிறது, எந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் போகிறது என்று கேட்கும்போதே தெரியும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம்: ஒரு பத்தி முடிந்ததும் “இப்ப என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு” என்று கேட்டால், பிள்ளை புரிந்து வாசித்ததா, வெறுமனே எழுத்துக் கூட்டியதா என்பது வெளியே வந்துவிடும். ஆயிரம் பீடியை 25 வீதம் கட்டினால் எத்தனை கட்டு என்று கேட்டால் அதுவும் ஒரு வகுத்தல் கணக்குதான். ஆனால் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தட்டைப் பிள்ளையின் மடிக்கு மாற்றவே கூடாது. படிக்கும் நேரம் அந்தப் பிள்ளைக்கு உரியது.

மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் அதை அதிகம் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் “அவிய நேத்தே வந்துட்டாவ” என்று பேசுவார்கள், “பைய போ” என்பார்கள். வினாத்தாளில் இருப்பது எழுத்துத் தமிழ். அதிலும் கேள்விக்கென்றே ஒரு நடை உண்டு: கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது எது, பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது, இவற்றில் நீர்வாழ் உயிரினம் அல்லாதது எது. வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. மீன், நண்டு, ஆடு, இறால் என்று நான்கைக் கொடுத்து எது தண்ணீரில் வாழாது என்று கேட்டால் உவரிக் கடற்கரைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஆடு என்று சொல்லும். ‘அல்லாதது’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டால் அதே பிள்ளை மீனில் கோடு போட்டுவிட்டு வரும். பிள்ளைக்கு விஷயம் தெரியும், கேள்விதான் போய்ச் சேரவில்லை.

அதற்காக வீட்டுப் பேச்சை மாற்ற வேண்டாம். நெல்லைத் தமிழ் பேசும் பிள்ளைக்கு மூளை மந்தம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆச்சி சொல்லும் கதையை அவள் பேச்சிலேயே பிள்ளை கேட்கட்டும். எதிலிருந்து எது நடந்தது, யார் ஏன் அப்படிச் செய்தார் என்று தொடர்ந்து யோசிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. கூடவே தினமும் பத்து நிமிடமாவது எழுத்துத் தமிழ் காதில் விழ வேண்டும். பாடப்புத்தகக் கதை, சிறுவர் இதழ், பள்ளி நூலகப் புத்தகம் எதுவானாலும் சரி. அல்லாதது, பொருந்தாதது, தவறானது என்ற சொற்களைக் கேள்வியில் பார்த்தால் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

திரும்பத் திரும்ப வாசித்தால் மனதில் நிற்கும் என்று நாம் நம்புகிறோம். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் சின்னப் பிள்ளைகளிடமும் செய்து பார்க்க இதில் ஒரு சிரமமும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது “இன்னைக்கு டீச்சர் என்ன நடத்துனாங்க” என்று கேட்டு முழுசாகச் சொல்ல விடுவது, ஒரு பக்கத்தை மூன்று தடவை எழுத வைப்பதை விட மேல்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். “எனக்கும் கணக்கு வராது, எம் பிள்ளைக்கும் வராது” என்று பிள்ளை கேட்கும்படி சொல்கிறோம். இது பிள்ளையை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதை 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் கவனித்தது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை. கணக்கென்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், வருடக் கடைசியில் பிள்ளைகள் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயமும் அதிகமாக இருந்தது. அந்தப் பெற்றோரே அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. உங்களுக்குக் கணக்குப் பயம் இருந்தால் நீங்களே சொல்லித்தர வேண்டும் என்று கட்டாயமில்லை. அதைச் சித்தியிடமோ ஆசிரியரிடமோ விட்டுவிட்டு, வாசித்துக் கேட்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கியது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி தருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சில பெற்றோர் அதைக் கேவலமாக நினைத்துப் பிள்ளையைத் திட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது ஆசிரியருக்குச் சொல்கிறது. பள்ளிக்குப் போனால் “நல்லா படிக்கானா” என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டுவதா, ஒற்றெழுத்தா, இடமதிப்பா என்று ஆசிரியரால் குறிப்பாகச் சொல்ல முடியும். 2023 டிசம்பர் பெருமழை போல, வெள்ளத்தாலோ காய்ச்சலாலோ பிள்ளை நிறைய நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் கட்டாயம் போய்க் கேட்க வேண்டும். விட்டுப்போன பாடம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துத் திணிப்பதால் பயனில்லை.

தனியார் ஒலிம்பியாட் தேர்வுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை கட்டாயமில்லை, பள்ளிக்கல்வித் துறையின் தேர்வுகளும் இல்லை. பிள்ளைக்கே ஆசை இருந்து, வீட்டில் பணமும் இருந்தால் எழுதட்டும். கடன் வாங்கிக் கட்டணம் கட்ட அவசியமே கிடையாது. அடைவுத் தேர்வுக்கென்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தனி வகுப்பில் சேர்ப்பதும் எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை உட்கார வைத்தால் எட்டு வயதுப் பிள்ளை எப்போது விளையாடும்?

தேர்வு நாளுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் தேவை, அதற்கு முந்தின நாள் டிவியைச் சீக்கிரம் அணைத்தால் போதும். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பசித்த பிள்ளையால் படிக்க முடியாது என்பது இந்த மண்ணுக்கு அப்போதே தெரிந்த விஷயம். இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு; 2024 ஜூலையிலிருந்து கிராமங்களில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது.

இனி என்.எம்.எம்.எஸ். இங்கே மட்டும் என் யோசனை வேறு. இதற்குத் தேர்வு முறையையே தெரிந்துகொண்டு பழக வேண்டும். எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரே நிமிடம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை முழுசாகக் கறுப்பாக்கவும், ஒரு கேள்வியைத் தாண்டும்போது அந்த வரியையும் தாண்டவும் முன்கூட்டியே பழக வேண்டும். ஒரு வரி மாறிப்போனால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் போய்விடும். எண் தொடர், உருவ வரிசை, குறியீட்டுக் கேள்விகள் முதல் தடவை பார்க்கும்போது மிரட்டும், நான்கைந்து பழைய வினாத்தாள் போட்டுவிட்டால் பிடிபட்டுவிடும். ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது.

ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். 55 சதவீதம் இருக்க வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. அதனால் ஏழாம் வகுப்பைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். எட்டாம் வகுப்பு தொடங்கியதுமே தலைமையாசிரியரிடம் பெயரைச் சொல்லிவையுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சான்றில் பிள்ளையின் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள்.